ஜனாதிபதி திருப்பித் தர வேண்டிய பாத்திரம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பாத்திரத்தின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது.

வர்ஜீனியாவில் எங்கள் தெருமுனை வீட்டைக் காலி செய்தவர்கள், சாமான்களைப் புல்தரையில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு நீள்சதுரக் கண்ணாடிப் பாத்திரத்தை வாங்கி வந்தேன். வீட்டில் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு துண்டு ஒட்டுநாடா, அதில் மையால் ஒரு பெயர்: பெர்னிஸ் டாலிவர். சுரண்டினேன், தேய்த்தேன், வெந்நீரில் ஊறப் போட்டேன். பெண்மணி அசைந்து கொடுக்கவில்லை. யாரம்மா நீ, உன் பாத்திரம் ஏன் உன் வீட்டுக்குத் திரும்பவில்லை என்று கேட்க ஆரம்பித்தேன்.

(இதில் பாதி பொய். பாத்திரம் நிஜம், ஒட்டுநாடா நிஜம், பெயர் மட்டும் அழிந்துபோயிருந்தது. பெர்னிஸ் என்று நான்தான் வைத்தேன். கதை எழுதுகிறவளிடம் வேறென்ன எதிர்பார்த்தீர்கள்?)

பாத்திரத்தை விற்றவர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். எழுபத்து நான்காம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில், நாட்டின் ஜனாதிபதி ராஜினாமா செய்துவிட்டுப் போக, துணை ஜனாதிபதியாக இருந்தவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார் அல்லவா? பழையவரின் மூட்டை முடிச்சுகள் ஜனாதிபதி மாளிகையான பெரிய வீட்டைவிட்டு வெளியேறுகிற வரைக்கும் புதியவர் நம்மைப் போலப் புறநகரில், தன் செங்கல் வீட்டிலேயே இருந்தாராம். காலையில் ஆபீஸ், சாயங்காலம் வீடு.

இது சரித்திரம். மீதி எல்லாம் என் கைச்சரக்கு. தெருவைத் தேடிக் கிளம்பிவிடாதீர்கள்.

2.

தொடக்கம் அ: "ஜனாதிபதி விடிகாலையில் எழுந்து, ரொட்டியை வாட்டியபடியே மனைவியைப் பார்த்து, 'ஏம்மா, நேத்து வரைக்கும்—'"

நிறுத்தினேன். ஊரறிந்த மனிதர். அவர் வாயில் என் வசனத்தைத் திணிக்க நான் யார்? அதனால் இப்போதே ஒரு சட்டம் போட்டுக்கொள்கிறேன். அவர் இந்தக் கதையில் ஒரு வார்த்தை பேச மாட்டார். முகத்தையும் காட்ட மாட்டார். பெயரும் கிடையாது.

தொடக்கம் ஆ: "பதவி என்பது, ஆழ்ந்து நோக்கினால், ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் சட்டையைப் போட்டுக்கொண்டு—"

ஐயோ, வேண்டாம். இப்படித் தொடங்கினால் மூன்றாம் வரியில் எனக்கே கொட்டாவி வரும்.

தொடக்கம் இ: "லோர்னா ப்ரூயிட் உருளை சிப்ஸ் பாக்கெட்டைப் பூரிக்கட்டையால் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தாள்."

இது தேவலை. ஒரு பெண் எதையோ அடிக்கிறாள், ஏன் என்று நீங்களும் நின்று பார்ப்பீர்கள்.

3.

லோர்னா ப்ரூயிட் உருளை சிப்ஸ் பாக்கெட்டைப் பூரிக்கட்டையால் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பு மேடையில் கண்ணாடிப் பாத்திரம். அதில் நூடுல்ஸ், டப்பா டூனா மீன், டப்பா காளான் சூப். மேலே சிப்ஸ் தூளைத் தூவி வேக வைத்தால் முடிந்தது.

அவள் கணவன் வெர்லின் உள்ளே வந்தான். பாத்திரத்தைப் பார்த்தான்.

"யாரு செத்தா?"

"யாரும் சாகல. அடுத்த தெருவுக்குக் கொண்டு போறேன். புது ஜனாதிபதி வீட்டுக்கு."

"பதவி கெடச்சவனுக்கு டூனாவா? கேக்குல்ல குடுப்பாங்க? எழவு வீட்டுக்குப் போறத இங்க தூக்கிட்டுப் போற."

"அவருக்கு இது நல்லதா கெட்டதான்னு அவருக்கே இன்னும் தெரியாது. டூனா சரியாத்தான் இருக்கும்."

"கேக்கே குடுத்துடேன். நம்ம மானமாவது மிஞ்சும்."

"கேக்குன்னா காகிதத் தட்டுல வச்சுக் குடுக்கணும். தட்டு திரும்பி வராது. பாத்திரம்னா வந்துதானே ஆகணும்."

இந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்காகக் கொஞ்சம். அந்தத் தெருக்களில் ஒரு வீட்டில் நல்லதோ கெட்டதோ நடந்தால், அக்கம்பக்கத்தார் பாத்திரத்தில் சமைத்துக் கொண்டு போவார்கள். அடியில் பெயர் ஒட்டியிருக்கும். வாங்கிய வீட்டார் அதைக் கழுவி, தாங்களே நேரில் போய்த் திருப்பித் தர வேண்டும். ஆள் விட்டு அனுப்பினால் மரியாதை இல்லை. வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கிளம்பும்போது ஒன்று சொல்வார்கள்: "எங்களால ஏதாவது ஆகணும்னா சொல்லுங்க." எல்லோரும் சொல்வார்கள். இதுவரை ஒருத்தரும் பதிலுக்கு, ஆமாம், எனக்கு இன்னது ஆக வேண்டும் என்று சொன்னதில்லை.

லோர்னா சொல்லப்போகிறாள்.

அவளுக்கு ஒரே பையன், டேல். வியட்நாமுக்கு வா என்று அரசாங்கம் கூப்பிட்டபோது, அவன் கனடாவுக்குப் பஸ் ஏறிவிட்டான். டொரன்டோவில் ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறான். எல்லையைத் தாண்டி வீட்டுக்கு வந்தால் ஜெயில். மன்னிக்கிற அதிகாரம் நாட்டில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் உண்டு. அந்த ஆள் இன்னும் சில நாளைக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். அப்புறம் பெரிய வீட்டு வேலிக்குப் பின்னால் போய்விடுவார். அங்கே யாரும் டூனாவோடு போய்க் கதவைத் தட்ட முடியாது.*

* வெர்லினைப் பற்றி ஒரு குறிப்பு. போன உலக யுத்தத்தில் கடற்படையில் இருந்தவன். மகன் பெயரை வீட்டில் சொல்ல மாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் டொரன்டோவிலிருந்து போன் வரும் நேரத்துக்கு வெளியே போய்ப் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுவான். மழைத் தூறலிலும் புல் வெட்டிய வீடு அந்தத் தெருவில் அது ஒன்றுதான். இவனைக் கல்நெஞ்சக்காரன் என்று எழுத நினைத்திருந்தேன். எழுத எழுத முடியாமல் போயிற்று.

4.

ஜனாதிபதி வீட்டுத் தெருவில் தடுப்புக் கட்டை. கட்டையோரம் கோட்டு சூட்டில் வேர்த்துக்கொண்டு நின்ற காவல் அதிகாரியின் பெயர் கியூபிக். பக்கத்தில் மடக்கு மேசை. மேசை முழுக்கப் பாத்திரங்கள்.

"உள்ள என்ன மேடம்?"

"டூனா."

கியூபிக் கண்ணை மூடித் திறந்தான். "காலையிலேர்ந்து வந்ததெல்லாம் டூனாதான். தெருவுல வேற மீனே கெடையாதா?"

"உனக்கென்ன தம்பி, சாப்பிடறவருல்ல கவலைப்படணும்."

"அவர் எங்க சாப்பிடறாரு? வெளிச் சாப்பாடு உள்ள போகக் கூடாது. சட்டம். நாங்கதான் தின்னு தீர்க்கறோம்."

லோர்னாவுக்குத் திக்கென்றது. "சாப்பிடறது யாரா இருந்தாலும் சரி. பாத்திரம் அவர் கையால திரும்பி வரணும்."

"வரும் மேடம். அவரு வீட்டம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்களாம். குடி போறதுக்கு முந்தி அவரே வீடு வீடா வந்து குடுக்கப் போறாராம். எங்களுக்குத்தான் உசுரு போகுது." (சரித்திரத்தில் இது இல்லை. தேட வேண்டாம்.) "உங்க பேரு?"

"அடியில ஒட்டியிருக்கு" என்றாள் லோர்னா. மிதப்பாக வீட்டுக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து வெர்லின் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் தொப்பியைக் கழற்றாமலே கேட்பான்: "பாத்திரம் வந்துச்சா?" மகனைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பாத்திரம் வந்துச்சா, அவ்வளவுதான்.

5.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம். முதல் வரைவில் பெர்னிஸ் என்ற பெண்ணே கதையில் இல்லை. லோர்னா கேட்கிறாள், அவர் கொடுக்கிறார் அல்லது மறுக்கிறார், சுபம் அல்லது அசுபம். கதை வழவழவென்று ஓடியது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கெஞ்சுகிற அம்மா ஒருத்தி மட்டும் இருந்தால் மன்னிப்பு ரொம்ப மலிவாகிவிடும். எதிர்வீட்டில் இன்னோர் அம்மா வேண்டும். அவள் பிள்ளை பஸ் ஏறாமல், கூப்பிட்ட இடத்துக்குப் போய், பெட்டியில் வந்திருக்க வேண்டும்.

எழுதிவிட்டு, பயந்து அடித்தேன். அடித்த இடத்திலேயே போன் அடித்தது. கதைக்குள்ளே சொல்கிறேன்.

"லோர்னா? பெர்னிஸ் பேசறேன். வசந்தத்துல உனக்கு ஆப்பரேஷன் ஆனப்ப கோழி வச்சுக் குடுத்தேனே, அந்தப் பாத்திரம் எங்கடி? சர்ச்சுல விருந்து வருது."

"இங்கதான் இருக்கு. கொண்டு வரேன்" என்று லோர்னா அலமாரியைத் திறந்தாள். நீள்சதுரக் கண்ணாடிப் பாத்திரம். எடுத்துக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த பெயர்: லோர்னா ப்ரூயிட்.

இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே தள்ளுபடியில் வாங்கிய பாத்திரங்கள். போனது பெர்னிஸுடையது.

"லோர்னா? இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள். ஜனாதிபதி அந்தப் பாத்திரத்தோடு வந்து நிற்கப்போவது பெர்னிஸ் வீட்டு வாசலில். தெருவில் இருக்கிற அத்தனை வாசலையும் விட்டுவிட்டு, அந்த வாசலில்.

6.

லோர்னா எதிர்வீட்டுக்குப் போனாள். தடுப்புக்குப் போய் கியூபிக்கிடம் பேசி ஒட்டுநாடாவை மாற்றியிருக்கலாமே என்பீர்கள். முதலில் அங்கேதான் போனாள். பாத்திரங்களெல்லாம் வீட்டுக்குள் போய்விட்டன, இனி தொட முடியாது என்று சொல்லிவிட்டான். உங்களுக்கு வருகிற யோசனை அவளுக்கும் வரும்.

பெர்னிஸ் கதவைத் திறந்தாள். "பாத்திரம் எங்க?"

"ஜனாதிபதி வீட்ல."

பெர்னிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னைக் கூப்பிடாத எடத்துக்கெல்லாம் என் பாத்திரம் போகுது பாரேன்! என்ன வச்சுக் குடுத்த?"

"டூனா."

"அடிப்பாவி! உன் டூனா லட்சணம் இந்தத் தெருவுக்கே தெரியும். இப்ப அத என் தலையில கட்டிட்டியா?"

"அவர் பாத்திரத்த உன் வீட்டுக்குத்தான் கொண்டு வருவார், பெர்னிஸ்."

"வரட்டுமே. தலைய வாரிக்கறேன்."

"அவர்கிட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் செஞ்சேன்."

பெர்னிஸின் சிரிப்பு நின்றுவிட்டது. "டேலுக்கா?"

"டேலுக்குத்தான்."

"என் வாசல்ல நின்னு."

"பாத்திரம் உன் பேர்ல இருக்கே, நான் என்ன—"

"பாத்திரத்த விடுடி! எம் புள்ள ராய் வெளயாடின வாசல்ல நின்னு, ஓடிப்போன உன் புள்ளைய மன்னிச்சிருங்கன்னு கேக்கப் போற. அதுக்கு எங்கிட்டயே வந்து நிக்கற. வெக்கமாயில்ல?"

"இருக்கு. வெக்கத்த வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? எனக்கு எம் புள்ள வேணும்."

"எனக்கு வேணாமா?"

 நான் அரை நாள் இந்த வரியிலேயே உட்கார்ந்திருந்தேன். லோர்னாவை ஆறுதலாக ஏதாவது சொல்ல வைக்கலாமா என்று பார்த்தேன். எதைச் சொன்னாலும் அபத்தமாக இருந்தது. கடைசியில் பெர்னிஸே பேசினாள். நான் கேட்காமலேயே.

"ராய்க்குப் பட்டாள அழைப்பு வந்தப்ப நானும் கனடாவுக்கு பஸ் டிக்கெட் வாங்கினேன். தெரியாதில்ல உனக்கு? ஒரு வாரம் கைப்பைலயே வச்சிருந்தேன். அவங்கிட்ட குடுக்கக் கை வரல. தெரு என்ன சொல்லும், சர்ச்சுல என்ன சொல்லுவாங்கன்னு பயந்து செத்தேன். உனக்கு அந்தப் பயமே இல்லாமப் போச்சு. உன்னப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வர்றது அதனாலதாண்டி. டேலால இல்ல."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

"இருந்தும் அனுப்பினியே" என்றாள் பெர்னிஸ். "போ. வீட்டுக்குப் போ. இப்ப உன் மூஞ்சியப் பாக்க எனக்கு முடியல."

7.

முடிவுகளை மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறேன். நீங்களும் பாருங்கள்.

முதல் முடிவு: பெர்னிஸே ஜனாதிபதியிடம், "என் பையன் வர மாட்டான், அவ பையனையாவது வர விடுங்க" என்கிறாள். எல்லோரும் அழுகிறார்கள். எழுதும்போது எனக்கும் அழுகை வந்தது, அதனாலேயே கிழித்தேன். அவளிடமிருந்து அவ்வளவு பெரிய மனதை எழுதி வாங்க எனக்கு உரிமை இல்லை.

இரண்டாம் முடிவு: பெர்னிஸ் கதவைப் பாதி திறந்து, பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "நன்றி, போய் வாங்க" என்று சாத்துகிறாள். எதிர்வீட்டு ஜன்னலில் லோர்னா. இது நடக்கக்கூடியதுதான். ஆனால் இதை எழுதிய ராத்திரி லோர்னா என்னைத் தூங்க விடவில்லை.

மூன்றாம் முடிவு: அந்த டூனாவைத் தின்ற காவலர்களுக்கு வயிற்றைக் கலக்கி, பெர்னிஸைக் கைது செய்ய வண்டி—

(மன்னிக்கவும். இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினேன்.)

நான்காவது, சரித்திரம் எழுதிய முடிவு. அடுத்த மாதம் அந்த ஜனாதிபதி முழு மன்னிப்பு ஒன்று கொடுத்தார். ராஜினாமா செய்துவிட்டுப் போன பழைய ஜனாதிபதிக்கு. டேல் மாதிரிப் பையன்களுக்கும் அதே மாதம் ஒன்று வந்தது, நிபந்தனைகளோடு: திரும்பி வா, நாட்டுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய், இரண்டு வருஷம் வரை சம்பளம் குறைந்த பொதுவேலை செய். பெரியவருக்கு எந்த நிபந்தனையும் இல்லை. இதில் நான் சொல்ல ஏதுமில்லை, பல்லைக் கடித்துக்கொள்கிறேன். ஆனால் லோர்னா ஆகஸ்டில் இருக்கிறாள். செப்டம்பர் அவளுக்குத் தெரியாது. அவளிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

8.

குடி போகிற நாள் வந்தது. ப்ரூயிட் வீட்டில் போன் அடித்தது.

"பெர்னிஸ் பேசறேன். முக்குத் திரும்பிட்டாங்க. கறுப்புக் கோட்டுக்காரனுங்க கை நெறையப் பாத்திரத்தத் தூக்கிட்டு வரானுங்க. கண்கொள்ளாக் காட்சி. வரியா, நானே வாங்கி வச்சுட்டுக் கதவ சாத்தவா?"

லோர்னா ஏப்ரனோடு ஓடினாள். புல்தரையில் வெர்லின் இயந்திரத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாத்திரம் வந்துச்சா?"

"வந்துக்கிட்டே இருக்கு!"

அவன் கயிற்றை இழுக்கவில்லை. பெர்னிஸ் வீட்டு வாசலைப் பார்த்தபடி அப்படியே நின்றான்.

உள்ளே பெர்னிஸ் தலைவாரி, பவுடர் போட்டு, சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோபம் போகவில்லை, முகத்தில் அப்படியே இருந்தது. நடைபாதையில் காலடிகள் கேட்டன. ஒரு ஜோடி மட்டும் படியேறி வந்தது.

"கதவ நீ தெற" என்றாள் பெர்னிஸ்.

"உன் வீடு."

"வீடு என்னுது, பாத்திரம் என்னுது. கேக்க வேண்டியது உன்னுது. எனக்காகவும் நான் கேக்க மாட்டேன், உனக்காகவும் கேக்க மாட்டேன். நான் அடுக்களைக்குப் போறேன். எங்காதுல எதுவும் விழாது. விழுந்தாலும் விழலேன்னு சொல்லிக்குவேன்."

சொன்னாளே தவிர, எழுந்திருக்கவில்லை.

மணி அடித்தது. லோர்னா கதவைத் திறந்தாள்.

இங்கேதான் என் சட்டம் என் கழுத்தைப் பிடிக்கிறது. அவர் பேச மாட்டார், முகம் காட்ட மாட்டார் என்று நான்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் படியில் யாராவது நின்றாக வேண்டும். காலியாக விட முடியாது. சுற்றுமுற்றும் பார்த்தேன். இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

எனக்கு யாரும் ஓட்டுப் போடவில்லையே என்று பின்வாங்காதீர்கள். அவருக்கும்தான் நாடு ஓட்டுப் போடவில்லை. துணை நாற்காலியில் நியமனத்தில் உட்கார்ந்தவர், முன்னவர் எழுந்து போனதால் பெரிய நாற்காலிக்கு வந்தார். நான் எழுந்து போகிறேன். நீங்கள் வாருங்கள்.

கையில் கழுவிய பாத்திரம் இருக்கிறது. வெயில் முதுகில் அடிக்கிறது. புல்தரையில் ஒரு மனிதன் இயந்திரத்தைக் கிளப்பாமல் உங்களையே பார்க்கிறான். பாத்திரத்தைக் கொடுத்தீர்கள், ரொம்ப நன்றாக இருந்தது என்று பொய் சொன்னீர்கள், கிளம்புகிற அவசரத்தில் வழக்கப்படி அதையும் சொல்லிவிட்டீர்கள்: "எங்களால ஏதாவது ஆகணும்னா சொல்லுங்க."

"ஆகணும்" என்றாள் லோர்னா. "எம் புள்ள வீட்டுக்கு வரணும்."

அவளுக்குப் பின்னால் நாற்காலியில் ராயின் அம்மா. அவளுக்கும் கேட்கிற மாதிரி, சொல்லுங்கள்.